நோவிக்கத் தெரியாதவள்

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு யாரையும் நோகடிக்கத் தெரியாது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தான். ரயிலில், அலுவலகத்தில், சொந்தக்காரர் கல்யாணத்தில் என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்வேன். இப்போது யாராவது அவள் பேச்சை எடுத்து, "பாவம், நல்ல மனசு" என்று ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நல்ல மனசுதான், யார் இல்லையென்றது? அந்த நல்ல மனசுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளையைச் சாவு வரைக்கும் கொண்டுபோய்விட்டது.

கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்தில் கொல்லயில் என்பது எங்கள் ஊர். அங்கே எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் மதில் கிடையாது. நாலு மூடு வாழையும் துணி காயப்போடுகிற ஒரு கம்பியும்தான் எல்லை. அவள் தையல்காரி. அப்போது ஐம்பது வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நைட்டியும் ஜாக்கெட்டும் தைத்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய், மற்ற நேரமெல்லாம் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். நான் கல்யாணமாகி வந்த முதல் வாரமே "மக்கா" என்று கூப்பிட்டாள். நானும் அக்கா என்று ஒட்டிக்கொண்டேன்.

அவள் அளவெடுக்கிற அழகை ஒரு தடவை பார்த்தால் போதும், ஆள் எப்படியென்று புரிந்துவிடும். ரோட்டோரத்து வீட்டு டீச்சர் ஒருத்தி வருஷத்துக்கு வருஷம் பெருத்துக்கொண்டே போனாள். டேப்பைச் சுற்றிப் பிடித்ததும் பயத்தோடு கேட்பாள்.

"தடிச்சிட்டேனா அக்கா?"

"ஆரு சொன்னா? முப்பத்தாறு. போன வருசமும் முப்பத்தாறுதானே டீச்சரே."

நோட்டிலும் முப்பத்தாறு என்றே எழுதுவாள். வெட்டுவது நாற்பதுக்கு. ஜாக்கெட் கச்சிதமாக உட்காரும். டீச்சர் கண்ணாடி முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, பூரித்துப்போய் வீட்டுக்குப் போவாள். ஒருநாள் அந்த நோட்டை நான் கண்டுபிடித்துவிட்டேன்.

"அக்கா, இது பச்சைப் பொய்யில்லியா? நெசமான அளவு எங்க?"

"எனக்க மண்டைக்குள்ள உண்டு. அவளுக்கும் சந்தோசம், துணிக்கும் கேடில்ல. பின்ன ஆருக்கு நட்டம், சொல்லு."

வயிறு வலிக்கச் சிரித்தேன். அன்றைக்கு அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

மகளுக்குக் காது குத்த பாறசாலைக்குப் போனபோது, மடியில் வைத்துக்கொள்ள அவளைத்தான் கூட்டிப்போனேன். ஆசாரி கம்பியைக் கையில் எடுத்ததும் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு ஆள் கடையை விட்டே ஓடிவிட்டாள். பிள்ளை அரை நிமிஷம் அழுதது, மிட்டாயைக் காட்டியதும் அடங்கியது. அக்காவைத் தேடிப்போனால், நாலு கடை தள்ளி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தேம்பிக்கொண்டிருக்கிறாள். டீக்கடைக்காரர், "வீட்டில் ஏதும் மரணமா?" என்று என்னிடம் விசாரித்தார். நான் அதையும் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. என் அப்பா இறந்த அன்று நான் திருவனந்தபுரத்தில் வேலையில் இருந்தேன். போன் செய்தவள் அவள்தான். "அப்பாவுக்கு லேசா ஷீணமாக்கும். கஞ்சி குடிச்சாரு. நீ பைய வா மக்கா, பேடிக்காத" என்றாள். நானும் பையத்தான் வந்தேன். கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு, வழக்கமான சாயங்கால ரயிலைப் பிடித்து, பக்கத்து சீட்டுக்காரியோடு சேலை விஷயமெல்லாம் பேசிக்கொண்டு வந்தேன். அம்மா வீட்டுப் பாதையில் திரும்பும்போது நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. அக்கா ஓடிவந்து கட்டிப்பிடித்து, "நேரத்தே சொல்லியிருந்தா நீ ஒத்தைக்கு ரயில்ல அழுது கரைஞ்சிட்டு வருவியே" என்றாள். அவள் தோளில் விழுந்து அழுதேன். நன்றிகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அந்த மூன்று மணி நேரம் என்னுடையது, அதை எடுத்துக்கொள்ள இவள் யார் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நான் மட்டி.

மகளுக்கு ஐந்து வயது நடக்கும்போது ஒரு மாதமாகத் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். படுக்கையை நனைத்தாள். யூனிபார்ம் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. "வயித்துச் சூடாக்கும், இளநி குடு" என்றாள் அக்கா. தினமும் ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தோம். பதினைந்தாம் நாள் பிள்ளை வாந்தியெடுத்து, மூச்சு வாங்கி, கண் செருகிப் படுத்துவிட்டாள். திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். விரலில் குத்திச் சோதித்த கருவியில் எண்ணே வரவில்லை. கருவி காட்டுகிற எண்ணுக்கு மேலே போய்விட்டது என்றார்கள்.

ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சர்க்கரை. இந்த வகை குழந்தைகளுக்கே வருவது, மிட்டாய் தின்று வருவதில்லை, உடம்பு இன்சுலினைச் செய்வதையே நிறுத்திவிட்டது, இனிமேல் வாழ்நாள் முழுக்க வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார். வேளா வேளைக்கு விரலில் குத்தி ரத்தம் பார்க்கணும். சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி. ராத்திரிக்குத் தனியாக ஒன்று. எனக்குக் காதில் ஏறியது பாதிதான். என் வீட்டுக்காரர் வராந்தாவில் போய் நின்று சுவரைப் பார்த்து அழுதார். அவருக்கு எலக்ட்ரிக் வேலை, நெய்யாற்றின்கரைப் பக்கமெல்லாம் அலைவார். பகலில் வீட்டில் இருக்க முடியாது.

வேலையை விட்டுவிடுவதாக நான் முடிவெடுத்தேன். அக்காதான் தடுத்தாள்.

"நீ வேலைய விடப்பிடாது. ஸ்கூல் விட்டு உச்சைக்குச் சோத்துக்கு எனக்கிட்ட தானே வாறா. அந்த ஒரு நேரம் நான் பாத்துக்கிடுதேன். நான் என்ன, ஊசி காணாதவளா?"

நர்ஸ் எங்கள் மூன்று பேருக்கும் ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழக்கினாள். நானும் அவரும் பழத்தைப் பிழிந்து சாறாக்கினோம். அக்காவின் கை மட்டும் நடுங்கவில்லை. நர்ஸே, "இந்தச் சேச்சி போதும், உங்களுக்குக் கவலையில்லை" என்றாள். முதல் பத்து நாள் நான் லீவில் இருந்து என் கண்ணால் பார்த்தேன். ஒரு சொட்டு ரத்தம், ஒரு ஊசி, ஒரு முத்தம், எல்லாம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். பிள்ளை அழுவாள், அக்காவும் கூடவே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஆனாலும் செய்தாள். பதினோராம் நாள் நிம்மதியாக ரயிலேறினேன்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். ரத்தம் பார்க்கிற மீட்டரின் படம். 112. 104. 118. அலுவலகத்தில் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமல் அந்தப் படத்துக்காகக் காத்திருப்பேன். வந்ததும் பக்கத்து மேஜைக்காரிகளிடம் காட்டுவேன். அவர்கள், "ஆஹா, நல்ல நம்பர்" என்பார்கள். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா சர்ச்சுக்குப் போவாள், அன்றைக்கு மத்தியானம் நான்தான் குத்துவேன். எனக்கு 180 வரும், 195 வரும். அவளுக்குத் தினமும் நூற்றுச் சொச்சம், எனக்கு மட்டும் ஏன் இப்படி? காலையில் நான் ஒரு இட்லி கூடுதலாகக் கொடுத்துவிட்டேனோ, எனக்குத்தான் பிள்ளையை வைத்துக்கொள்ளத் தெரியவில்லையோ என்று குமைந்தேன். பெற்றவள் நான். பொறாமையாகக்கூட இருந்தது, சொல்வதற்கென்ன. அக்காவிடம் சொன்னால், "நீ பேடிச்சிட்டுக் குத்துத, அதாக்கும்" என்று கன்னத்தைத் தட்டுவாள்.

இன்னொன்றும் நடந்தது. வேலை நாட்களில் சாயங்காலம் நான் வந்து பார்த்தால் முந்நூறு, முந்நூற்றி நாற்பது. ஞாயிறு சாயங்காலம் மட்டும் நூற்றைம்பதுக்குள். தலைகீழாக இருந்தது. டாக்டரம்மாவிடம், எண்களை எழுதிவைத்த நோட்டையும் மீட்டரையும் கொண்டுபோனேன். அவர் மீட்டரின் பட்டனை அழுத்தி, உள்ளே பதிந்திருந்த எண்களை நோட்டோடு ஒத்துப்பார்த்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை.

"உச்சைக்கு ஆரா கொடுக்குந்நது?" என்று கேட்டார்.

"பக்கத்து வீட்டு அக்கா, டாக்டர். என்னைவிட அவங்களத்தான் நம்புவேன்."

இதை நான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். வேலை நாளில் மத்தியானம் எண் நன்றாக இருக்கிறது, ஊசியும் போடுகிறார்கள், அப்படியும் சாயங்காலம் ஏறுகிறதென்றால் மத்தியான மருந்து போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சோற்றை அளந்து போடுவதால் ஏறாமல் இருக்கலாம். அப்படித்தான் நானும் சொன்னேன். இரண்டு யூனிட்டை நாலாக்கி எழுதித் தந்தார். அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை அக்காவிடம் காகிதத்தைக் காட்டினேன். "நாலா?" என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு, "செரி மக்கா" என்றாள். அன்றைக்குச் சாயங்காலமும் முந்நூறுதான். "மருந்து பிடிக்க ரெண்டு நாளாவும்" என்று அவளே சமாதானமும் சொன்னாள்.

ஞாயிறு மத்தியானம் நான் நாலு யூனிட் போட்டேன். இந்தக் கையால்தான் போட்டேன்.

பிள்ளை சாப்பிட்டுவிட்டு முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரம் கழிந்திருக்கும். எதற்கோ சிணுங்கினாள், தூக்கத்துக்கு அழுகிறாள் என்று நினைத்தேன். தூக்கினால் உடம்பெல்லாம் தொப்பலாக நனைந்திருக்கிறது. என்னைப் பார்க்கிறாள், ஆனால் என்னைத் தெரியவில்லை. அப்புறம் கையும் காலும் வெட்டி இழுத்தது. நான் போட்ட சத்தத்தில் இவர் ரோட்டுக்கு ஓடி ஒரு ஆட்டோவைப் பிடித்து வந்தார். சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அக்கா, செருப்பில்லாமல் ஓடிவந்து ஆட்டோவில் ஏறிப் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள். பாறசாலை ஆஸ்பத்திரியில் குத்திப் பார்த்தபோது எண் முப்பத்தொன்று. குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே டாக்டர் பையன் கேட்டான், எவ்வளவு போட்டீர்கள் என்று. நாலு, எழுதியபடிதான் போட்டேன் என்று சொன்னேன். "இந்த எடைக்கு அது கூடுதலாச்சே, எதை வைத்து எழுதினார்கள்?" என்றான். நோட்டை வைத்து என்றேன். அக்கா அங்கேயேதான் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அப்போதாவது அவள் வாயைத் திறந்திருக்கலாம்.

திறந்தது என் மகள். சாயங்காலம் கண் விழித்து, பிஸ்கட் தின்று, பழையபடி பேச ஆரம்பித்திருந்தாள். நர்ஸ் மறுபடி ரத்தம் பார்க்க வந்தாள். அவள் கையில் குத்தும் கருவியைக் கண்டதும் மகள் தன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் நின்ற அக்காவைப் பார்த்துச் சொன்னாள்.

"பெரியம்மே, விரல் நீட்டுங்க."

நர்ஸ் சிரித்தாள். "அவங்களுக்கு எதுக்கு? உனக்குத்தானே பாக்கணும்."

"இல்ல. உச்சைக்குப் பெரியம்மைக்க விரல்லதான் குத்தணும். நான் அமுக்குவேன். ரத்தம் வரும்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கையைச் சேலைக்குள் இழுத்தாள். எட்டிப் பிடித்து விரித்தேன். விரல் நுனியெல்லாம் பொடிப்பொடியாகக் கறுத்த புள்ளிகள். முன்னாலும் பார்த்திருக்கிறேன். மெஷின் ஊசி பட்டது என்று சொல்லியிருந்தாள்.

"அப்போ ஊசி மருந்து ஆருக்கு மக்கா?" என்று மகளிடம் கேட்டேன்.

"வாழைக்கு!" என்றாள். அவளுக்கு ஒரே குஷி. "வாழைக்கும் சுகர் உண்டு. அம்மாட்ட சொல்லப்பிடாது, சொன்னா அம்மா கரைவா."

நாலு மாதம். நாலு மாதமாக அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு நான் பார்த்துப் பார்த்துப் பூரித்த எண்ணெல்லாம் இவள் ரத்தம். பக்கத்து மேஜைக்காரிகளுக்குக் காட்டியதும் இவள் ரத்தம்தான். என் பிள்ளைக்கும் ஒரு பொய்யைச் சொல்லிக்கொடுத்து, அதை விளையாட்டாக்கி, எனக்குத் தெரியாமல் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவள் மணிக்கட்டைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"என்ன செய்திய நீங்க? என்ன செய்தியண்ணு ஒரு போதமாவது உண்டா?"

"எனக்குக் கை வரல்ல மக்கா. நீ வேலைக்குப் போன மறுநாளே, 'பெரியம்மே, இண்ணு வேண்டாம், நாளைக்குக் குத்தலாம்'ணு கெஞ்சினா. ஒரு நாள்தானேண்ணு விட்டேன். அடுத்த நாளும் அதையே சொன்னா. காலையிலயும் ராத்திரியும் நீங்க குத்துதியல்லியா, ஒரு நேரம் பிள்ளைக்கு லீவு குடுப்போம்ணு..."

"லீவா? இதுக்கு லீவா?"

"சோறு கொஞ்சமாத்தான் குடுத்தேன். சத்தியமாட்டு."

"எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"எப்பிடிச் சொல்லுவேன்? நீ வேலைய விட்டிருப்ப. அந்தப் படம் அனுப்பினா உடனே சந்தோசமாட்டு ஒரு வாய்ஸ் போடுவியே, அதக் கேட்டிட்டுதான் நானும் உச்சைக்குச் சாப்பிடுவேன். எனக்க நம்பரு நல்லா இருந்துது மக்கா. உனக்கு மனசு தெளியுமேண்ணு..."

"நாலாக்கினப்பவாவது சொல்லியிருக்கலாமே! காகிதத்தைக் கையில தந்தேனே! நாளைக்கு நான் அதை அப்படியே போடுவேண்ணு தெரியாதா?"

"அது எனக்க புத்தியில ஓடல்ல மக்கா" என்றாள். எனக்குத் தெரியும், அவள் அதை மட்டும் பொய்யாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்கு ஓடியிருக்காது. எதிரில் நிற்பவள் முகம் வாடாமல் இருந்தால் போதும், அதற்கு அந்தப் பக்கம் யோசித்தே பழக்கமில்லாதவள். நாற்பதை முப்பத்தாறு என்று எழுதினாலும் அங்கே வெட்டுவதற்கு அவள் கை இருந்தது. இங்கே அவள் எழுதியதை நம்பி மருந்து போட்டது என் கை.

"எனக்க பிள்ளையக் கொன்னிருப்பிய" என்றேன். "என்னை வச்சே கொல்ல வச்சிருப்பிய. இனி எங்க வீட்டு முற்றத்துல கால் வைக்கப்பிடாது."

அவள் அழுதாள். என் காலைத் தொட வந்தாள். நான் நகர்ந்துகொண்டேன். அவள் அழுவதைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. வந்ததற்காக என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

இவர் அடுத்த வாரமே வாழைகளுக்கு இந்தப் பக்கம் தகரம் வைத்து அடைத்தார். இரண்டு மாதம் கழித்து அவள் வீட்டைப் பூட்டிவிட்டுப் பொழியூரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கேயும் தைக்கிறாளாம். அடுத்த வருஷம் பாறசாலைச் சந்தையில் ஒரு தடவை எதிரே வந்தாள். மெலிந்திருந்தாள். "பிள்ளை?" என்று மட்டும் கேட்டாள். நான் மீன்காரியிடம் திரும்பிவிட்டேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை. சிலர் என்னிடம், வேணும்னு செய்தாளா, அவளுக்கும் வலிக்கத்தானே செய்திருக்கும் என்று நியாயம் பேசுகிறார்கள். வலித்திருக்கும். தினம் தன் விரலில் குத்திக்கொள்ளத் துணிந்தவளுக்கு, என்னிடம் வந்து முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லத் துணிவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனால் அவள் செய்ததில் ஆக மோசமானது எதுவென்று, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம்தான் எனக்குத் தெரிந்தது. வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சோறு ஆற வைத்து, மீட்டரில் பட்டையைச் சொருகி, மகளைக் கூப்பிட்டேன். வந்து எதிரில் உட்கார்ந்தாள். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கை நீட்டு மக்கா."

"நீ நீட்டு."

"எனக்கெதுக்கு? உனக்கல்லியா பாக்கணும்."

"பெரியம்மை எனக்கு வேண்டி நீட்டுவா. அவளுக்கு நோவும், இருந்தாலும் நீட்டுவா. எனக்க மேல இஷ்டம், அதான்." என் முகத்தையே பார்த்தாள். "உனக்கு எனக்க மேல இஷ்டம் இல்லியா அம்மா?"

என்னத்தைச் சொல்வது? ஐந்து வயதுக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது? சோறு ஆறிக்கொண்டிருந்தது, மீட்டர் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இஷ்டம் உண்டு மக்கா, உண்டு, உண்டு என்று சொல்லிக்கொண்டே முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் கையைப் பிடுங்கி, திமிறத் திமிற மடக்கிப் பிடித்துக் குத்தினேன். ஒரு சொட்டு வந்தது. அவள் அழவில்லை. அன்றைக்கு அவள் என்னைப் பார்த்த பார்வையில், நம்பவைத்துக் கழுத்தறுத்தவள் நான்தான்.